தோப்பு நாய் குடித்த தண்ணீர்

நாய் கடித்துவிட்டது என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கையை நீட்டி ஊசி போட்டுக்கொண்டு, வழியில் ஐஸ்கிரீம் வாங்கித் தின்றுவிட்டு வீட்டுக்கு வருகிறார்கள். என் பேரன் அப்படித்தான் வந்தான். நீங்கள் என் வயதுக்காரர்களாக இருந்தால் இதைக் கேட்டுச் சிரிக்க மாட்டீர்கள். நாய்க்கடி என்ற சொல் காதில் விழுந்தாலே உங்களுக்கும் தொப்புளைச் சுற்றி ஒரு தடவை கூசும். அந்தக் காலத்தில் அங்கேதான் பதினாலு ஊசி போடுவார்கள். நான் அந்த ஊசியைப் போட்டுக்கொண்டவள் இல்லை. ஆனாலும் எனக்கு இன்னும் கூசுகிறது.

எனக்குப் பத்து வயது இருக்கும். சுதந்திரம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ராமநாதபுரத்துக்குத் தெற்கே, கடலோரத்தில் எங்கள் ஊர். வாப்பா கொழும்பில் கடை வைத்திருந்தார். என் அண்ணனையும் கூடவே கூட்டிப் போயிருந்தார். வீட்டில் உம்மா, நான், தொட்டிலில் கிடக்கும் ஒரு தம்பி. ஆண் துணை என்று சொல்ல அடுத்த வீட்டில் வாப்பாவின் தம்பி, எங்கள் சாச்சா. எங்கள் வீட்டுக்கு எது நல்லது, எது ஆகாது என்பதையெல்லாம் அவர்தான் முடிவு செய்வார். உம்மா கதவுக்குப் பின்னால் நின்று, 'சரி தம்பி' என்பார்.

முஸ்லிம் வீட்டில் நாய் எப்படி என்று கேட்பீர்கள். வீட்டில் இல்லை. ஊருக்கு வெளியே கடலை ஒட்டி எங்களுக்கு ஒரு தென்னந்தோப்பு இருந்தது. அதில் ஆடுகள் இருந்தன. ஆட்டுக்குக் காவலாக நாய் வைத்துக்கொள்ள மார்க்கத்தில் இடம் உண்டு. தோப்பைப் பார்த்துக்கொண்டவர் அங்கேயே குடிசை போட்டிருந்தார். அவரைத் தோப்புக்காரர் என்போம். அவர்தான் அந்த நாய்க்குச் 'செவலை' என்று பெயர் வைத்தார். நிறம்தான் பெயர், வேறு யோசனை ஒன்றும் செய்யவில்லை. வாப்பா ஊருக்கு வந்தால் தினமும் தோப்புக்குப் போவார். செவலை அவர் செருப்புக்கு நாலு அடி தள்ளியே உட்கார்ந்திருக்கும். தொட மாட்டார்கள் என்று அதற்கே தெரிந்திருந்தது.

கரைவலை இழுத்தவர்கள் வேண்டாத மீனை மணலில் வீசிவிட்டுப் போவார்கள். அப்படிக் கிடந்த ஒரு திருக்கையின் வால் முள்ளில் செவலை காலை வைத்துவிட்டது. அந்த முள்ளைப் பற்றி நம் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குத்துப்பட்ட மனிதனே குழந்தை மாதிரி அழுவான். இடது பின்னங்கால் வீங்கி, கறுத்து, அழுகிப்போய்த் தோப்பே நாறியது. தோப்புக்காரர் அதைச் சாக்கில் கட்டி மாட்டு வண்டியில் போட்டு ராமநாதபுரம் மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். திரும்பி வந்தபோது வண்டியில் மூன்று கால் நாய் கிடந்தது.

மணலில் கிடத்தக்கூடாது, ஈ மொய்த்தால் புழு வைத்துவிடும், தையல் ஆறுகிற வரைக்கும் கல் தரையில் வைத்து யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தோப்பில் மணலைத் தவிர என்ன இருக்கிறது? எங்கள் வீட்டுக் கொல்லையில் விறகு அடுக்கும் கொட்டடி ஒன்று இருந்தது. அதற்குக் கல் பாவிய தரை.

"கூடவே கூடாது," என்றார் உம்மா. "தொழுகைக்கு ஒலுச் செய்யிற எடத்துக்குப் பக்கத்துல நாயா?"

சாச்சாதான் நாய்க்காகப் பேசினார். "அண்ணன் ஆசையா வச்சிருக்கிற நாயி மதினி. வந்து கேட்டா நான் என்ன சொல்ல? கொட்டடியில கெடக்கட்டும்."

இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வேண்டாம் என்றவர் உம்மா. இருக்கட்டும் என்றவர் சாச்சா.

பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு வந்தது. தோப்புக்காரர் காலையில் தோப்பிலிருந்து ஒரு சட்டியில் கஞ்சியும் மீன் தண்ணியும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார். மீதி நேரம் நான். காயத்தில் வெள்ளைப் பொடி தூவ வேண்டும், ஈ ஓட்ட வேண்டும், கசப்பு மாத்திரை ஒன்றைப் பொடித்துச் சூடை மீனுக்குள் வைத்துக் கொடுக்க வேண்டும். நக்கிவிடாமல் இருக்கக் கழுத்தில் எதையாவது மாட்டச் சொல்லியிருந்தார்கள். தோப்புக்காரர் ஒரு பனையோலைக் கொட்டானின் அடியை அறுத்து அதன் தலையில் மாட்டிக் கயிற்றால் கட்டிவிட்டார். தின்னும்போது மட்டும் அவிழ்ப்போம். மற்ற நேரமெல்லாம் கொட்டானுக்குள்ளிருந்து அது என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கும். கல்யாண வீட்டில் சோற்றுப் பெட்டிக்குள் தலை மாட்டிக்கொண்ட கோழி மாதிரி இருந்தது. நான் சிரித்தேன். செவலைக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்குக் காது அரிக்கும். அரித்தால் இல்லாத காலைத் தூக்கும். தொடையில் மிச்சமிருந்த குட்டைத் துண்டு மட்டும் காற்றில் விசுக்கு விசுக்கென்று ஆடும். காதில் ஒன்றும் படாது. அது ஆட்டுவதை நிறுத்திவிட்டு யோசிக்கும். பிறகு மறுபடி ஆட்டும். எனக்குப் பார்க்கப் பொறுக்காது. ஒரு தென்னை மட்டைக் குச்சியால் கொட்டானுக்குள் விட்டுச் சொறிந்து கொடுப்பேன். காய்ந்த குச்சி, காய்ந்த காது. அதற்குக் கழுவ வேண்டியதில்லை.

கழுவுவதைச் சொல்ல மறந்துவிட்டேன். நாயின் எச்சிலோ ஈரமோ பட்டால் அந்த இடத்தை ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்த தண்ணீரில். எங்கள் வீட்டில் இதில் சலுகையே கிடையாது. தினமும் பொழுது சாயும்போது உம்மா என்னைக் கிணற்றடியில் நிறுத்தி, வளையலை முழங்கை வரை ஏற்றிவிட்டு, மண்ணைக் குழைத்துப் பூசித் தேய்ப்பார். செம்பால் ஊற்றி ஊற்றி எண்ணுவார். கிணற்றுத் தண்ணீர் உப்பு. குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ மட்டும்தான் ஆகும். அந்த வருடம் மழை பொய்த்து இன்னும் உப்பேறிக் கிடந்தது. குடிக்கிற தண்ணீர் எங்கள் தோப்பு ஊற்றிலிருந்து வரும். தண்ணீர்க்காரி தலையில் சுமந்து வந்து முற்றத்தில் மணல் கொட்டிப் பதித்திருந்த பானையில் ஊற்றுவாள். அந்தப் பானையில் கையை விட்டால் உம்மா கையை ஒடித்துவிடுவார்.

நாலைந்து நாள் நன்றாகத்தான் போயிற்று. பிறகு ஒரு நாள் காயத்தில் துணி ஒட்டிக்கொண்டது. மெதுவாக நனைத்து எடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை, வெடுக்கென்று இழுத்தேன். செவலை கத்திக்கொண்டே திரும்பி என் மணிக்கட்டைப் பிடித்தது. உடனே விட்டும்விட்டது. விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்துக் காதை மடக்கிக்கொண்டது. இரண்டு பல் பதிந்து, ஒன்றில் மட்டும் ரத்தம் துளிர்த்தது.

நான் யாரிடமும் சொல்லவில்லை. கண்ணாடி வளையல்களை இறக்கிக் கடிவாயின்மேல் நிறுத்திக்கொண்டேன். சாயங்காலம் உம்மா கழுவியபோது மண் பூசிய கை, பொழுதும் மங்கிவிட்டது, பார்த்திருக்க முடியாது என்று நினைத்தேன். ஆனால் அன்றைக்கு உம்மா ஏழோடு விடவில்லை. துணி துவைக்கிற சோப்பை எடுத்து வந்து தேய்த்தார். ஊற்றினார், மறுபடி தேய்த்தார். எனக்குக் கை எரிந்தது.

"போதும் உம்மா."

"சும்மா நில்லு. நாத்தம் போகல."

என்மேல் என்ன கோபமோ என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் விடிந்ததும் தோப்புக்காரர் கஞ்சிச் சட்டியோடு வந்தபோது உம்மா கொல்லைக் கதவருகே நின்று அவரிடம் என்னமோ மெல்லச் சொன்னார். அவர் தலையைச் சொறிந்துகொண்டே போனவர், சாயங்காலம் வெயிலில் கறுத்துப்போய்த் திரும்பி வந்து பதிலும் மெல்லச் சொன்னார். என்னைக் கண்டதும் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். நாயை எங்காவது கொண்டுபோய் விடத்தான் ஏற்பாடு என்று எனக்குப் பட்டது. அன்று முழுவதும் நான் உம்மாவோடு பேசவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அடுத்த தெருப் பையனுக்குக் காய்ச்சல் வந்தது. குர்ஆன் கற்கும் ஓதப் பள்ளியில் எனக்கு முன்வரிசையில் உட்காருவான். பின்னால் திரும்பி என் பலகையில் எச்சில் தொட்டுக் கிறுக்குவான். நோன்புக்கு முன்னால் தெருநாய் ஒன்று அவன் கெண்டைக்காலில் கடித்திருந்தது. அவன் வீட்டார் கடிவாயில் மிளகாய் அரைத்துப் பூசி, ஒரு செப்புக் காசை வைத்துக் கட்டி, ஓதி ஊதிவிட்டார்கள். புண் ஆறியது. எல்லாரும் மறந்துவிட்டார்கள். படித்த மனிதர்கள், சபுராளிகள், கப்பலேறி நாலு தேசம் பார்த்தவர்கள் அந்த வீட்டில் இருந்தார்கள். மதுரைக்குக் கூட்டிப் போய் ஊசி போட ஒருவரும் முன்வரவில்லை. பிள்ளைக்கு ஊசி வலிக்கும் என்று பாவம் பார்த்தார்களாம்.

அவன் வீட்டுப் பின்சுவரும் எங்கள் வீட்டுப் பின்சுவரும் ஒட்டினாற்போல் இருக்கும். நான் கொட்டடியில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ செம்பில் தண்ணீர் மொண்டார்கள். அந்தச் சத்தத்துக்கு அவன் அலறினான். அது நான் அறிந்த பையனின் குரலாகவே இல்லை. "ஊத்தாத, ஊத்தாத" என்று அவன் உம்மாவும் சேர்ந்து கத்தினாள். பிறகு அந்த வீட்டில் தண்ணீர்ச் சத்தமே கேட்கவில்லை. இரண்டு நாளில் மௌத்தாகிவிட்டான்.

கடைசியில் நாய் மாதிரியே குரைத்தான் என்று ஓதப் பள்ளியில் ஒரு பெரிய பெண் சொன்னாள். கடிபட்டவர்கள் வயிற்றில் நாய்க்குட்டி வளரும் என்றும் அவளே சொன்னாள். நான் வளையலை அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

பயம் என்றால் என்ன என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அதற்கு முன்னால் பயந்ததெல்லாம் விளையாட்டு. தண்ணீர் டம்ளரைக் கையில் எடுத்தால் என் நெஞ்சு அடித்துக்கொள்ளும். எனக்குத் தண்ணீரைக் கண்டு பயமாக இருக்கிறதா, இல்லையா என்று உற்றுப் பார்ப்பேன். பார்க்கப் பார்க்கப் பயமாக இருக்கும். பயத்தில் தொண்டை அடைக்கும். தொண்டை அடைக்கிறதே, வந்துவிட்டது என்று இன்னும் பயம். கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவேன். இறங்கியதும் அல்லாவுக்கு நன்றி சொல்வேன். அடுத்த தாகம் வரும் வரைக்கும்தான் அந்த நிம்மதி.

இதில் உம்மா வேறு என்னைப் படுத்தினார். எப்போது பார்த்தாலும் தண்ணீர் கேட்பார். "புள்ள, பானையில மொண்டு ஒரு வா நீ குடிச்சுட்டு எனக்குத் தா. உப்புக் கரிக்குதான்னு பாரு." ஊற்றுத் தண்ணீர் என்றைக்கு உப்புக் கரித்தது? காலையில் ஒரு தடவை, அடுப்படியில் ஒரு தடவை, மக்ரிபுத் தொழுகைக்கு முன்னால் ஒரு தடவை. நான் குடித்து முடிக்கிற வரைக்கும் என் கழுத்தையே பார்ப்பார். பிறகு டம்ளரை வாங்கி அப்படியே கீழே வைத்துவிடுவார். இந்த மனுஷிக்கு என்ன ஆயிற்று என்று எனக்கு எரிச்சலாக வரும்.

பையன் இறந்ததும் ஊரே நாய்கள்மேல் பாய்ந்தது. பஞ்சாயத்து ஆள் கம்பு முனையில் கம்பிச் சுருக்கோடு தெருத் தெருவாக வந்தான். பகலெல்லாம் எங்காவது ஒரு நாய் வீறிடும் சத்தம் கேட்டது. சாச்சா மாறிவிட்டார்.

"மதினி, ஊரே நாய அடிச்சுக்கிட்டு இருக்கு. நாம கொல்லையில வச்சு வைத்தியம் பாக்குறோம். பள்ளிவாசல்ல நாலு பேரு எங்கிட்ட கேக்குறான்."

"கொழும்புல இருந்து அவங்க வரட்டும் தம்பி," என்றார் உம்மா கதவுக்குப் பின்னாலிருந்து.

"அண்ணன் வர இன்னும் ஒரு மாசம் ஆகும்."

"அதுவரைக்கும் இருக்கட்டும்."

"புள்ளைங்க இருக்கிற வீடு இது. நாயி முக்கியமா, புள்ளைங்க முக்கியமா?"

"புள்ளைங்களுக்காகத்தான் தம்பி சொல்றேன்."

சாச்சாவுக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. ஆனால் உம்மா 'சரி தம்பி' என்று சொல்லாமல் நின்றதை நான் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். என் உம்மாவுக்கு இவ்வளவு இரக்கமா என்று அந்தப் பயத்திலும் பெருமையாக இருந்தது.

அப்புறம் செவலை தண்ணீர் குடிப்பதை நிறுத்தியது.

தோப்புக்காரருக்குத் திருவாடானைப் பக்கம் அக்கா வீட்டில் ஒரு சாவு. அவர் கிளம்பிப் போய்விட்டார். கஞ்சியும் தண்ணீரும் எங்கள் வீட்டிலிருந்தே வைத்தோம். செவலை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. மறுநாளும் அப்படியே. சட்டியைக் கிட்டே நகர்த்தினால் உறுமியது. விறகுக்குப் பின்னால் இருட்டான மூலையைத் தேடிப் போய்ப் படுத்துக்கொண்டது. மாத்திரையைப் பொடித்துச் சாச்சா வீட்டு வேலையாள் அதன் வாயில் வலுக்கட்டாயமாகப் போட்டபோது கசப்பு தாங்காமல் வாயெல்லாம் நுரை தள்ளியது. சாச்சா கொல்லை வாசலில் நின்று அதைப் பார்த்தார். தண்ணீர் குடிக்காது, உறுமும், இருட்டைத் தேடும், நுரை தள்ளும். ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூட அது என்னவென்று தெரியும்.

எனக்கும் தெரியும். அது என்னைக் கடித்த நாய். அதற்கு வெறி என்றால் எனக்கும் வெறி. சொன்னால் அதை அன்றைக்கே அடித்துக் கொன்றுவிடுவார்கள். சொல்லாவிட்டால் நான் அந்தப் பையன் மாதிரி சுவருக்குப் பின்னால் அலறுவேன். எதைச் செய்வது என்று தெரியாமல் நான் கொட்டடிக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தேன். உம்மாவும் சாப்பிடவில்லை. தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு கொல்லைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை சாச்சா குளித்து வெள்ளை உடுத்தி வந்து நின்றார். "ஜும்மா முடிஞ்சதும் ஆளக் கூட்டிக்கிட்டு வாரேன் மதினி. இனிமே என்னால ஏலாது."

உம்மா கதவை மெல்லச் சாத்தினார். உள்ளே போய்ப் பார்த்தேன். என் நல்ல பாவாடை சட்டைகளை ஒரு துணியில் மூட்டை கட்டி வைத்திருந்தார். என்னையும் எங்கோ அனுப்பப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

நான் கொட்டடிக்குப் போனேன். நெருங்கவும் பயம், நெருங்காமல் இருக்கவும் மனமில்லை. சாகப் போகிற நாய்க்கு எதற்குக் கொட்டான்? கையை நீட்டி முடிச்சை அவிழ்த்தேன். கொட்டான் கழன்று உருண்டது. செவலை தலையைத் தூக்கவில்லை. கண் மட்டும் என்னைப் பார்த்தது. குச்சியால் காதைச் சொறிந்துவிட்டு எழுந்து ஓடிவந்துவிட்டேன். கொட்டடிக் கதவைச் சாத்தினேனா என்றுகூட நினைவில்லை.

தண்ணீர்க்காரி வந்து பானையை நிரப்பிவிட்டு, "மூடி வையி தாயி" என்று சொல்லிப் போனாள். நான் மூடவில்லை. முற்றத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். ஜும்மாவுக்குப் பாங்கு சொன்னார்கள். தெருவில் இருந்த ஆண்களெல்லாம் பள்ளிக்குப் போய்விட, ஊர் ஓய்ந்துவிட்டது. உம்மா உள்ளே தொழுகைக்கு நின்றார். தம்பி தொட்டிலில் தூங்கினான்.

அடுப்படிப் பக்கம் தரையில் நகம் உரசும் சத்தம் கேட்டது.

செவலை வந்துகொண்டிருந்தது. சுவரில் சாய்ந்து, ஒரு எட்டு வைத்து, விழுந்து, எழுந்து, வாயில் காய்ந்த நுரையோடு வந்தது. எனக்கும் அதற்கும் நடுவில் தம்பியின் தொட்டில். தாழத்தான் தொங்கும் அந்தத் தொட்டில். நான் எழுந்து பிள்ளையைத் தூக்கியிருக்க வேண்டும். என் கால் அசையவில்லை. அந்தச் சில நொடிகள் இன்றைக்கும் எனக்குக் கனவில் வருகின்றன. கனவில் தொட்டில் ஆடிக்கொண்டிருக்கும்.

உம்மா தொழுகையை முடித்து வெள்ளைத் துப்பட்டியோடு நிலைப்படியில் வந்து நின்றார். அவரும் அசையவில்லை.

செவலை தொட்டிலுக்குக் கீழே குனிந்து போயிற்று. பிள்ளையைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. மூக்கைத் தூக்கித் தூக்கி மோந்துகொண்டே நேராகக் குடிதண்ணீர்ப் பானைக்குப் போய், முன்னங்கால் இரண்டையும் மணலில் ஊன்றித் தலையைப் பானைக்குள் விட்டது.

சளக் சளக்கென்று குடித்தது. மூச்சு வாங்க நிறுத்தியது. மறுபடி குடித்தது.

நாய் வாய் வைத்த பானை! எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய அநியாயம் நடக்க முடியாது. உம்மா அலறப் போகிறார் என்று பார்த்தேன். உம்மா நிலைப்படியிலேயே சரிந்து உட்கார்ந்துவிட்டார். "குடிக்குது," என்றார். "யா அல்லா, குடிக்குது." பிறகு வாயைத் துப்பட்டியால் பொத்திக்கொண்டு அழுதார். வாப்பாவைக் கப்பலேற்றிய அன்றுகூட அவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

பானை போயிற்றே என்றுதான் அழுகிறார் என நினைத்தேன். "அழாதீங்க உம்மா. நானே ஏழு தடவ கழுவித் தாரேன்," என்றேன். அவர் என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார். தொழுகைத் துப்பட்டி, நாயைத் தொட்ட கை என்றெல்லாம் பார்க்கவே இல்லை.

சாச்சா சுருக்குக்காரனோடு வந்தபோது உம்மா கதவுக்குப் பின்னால் இல்லை, முன்னால் நின்றார். "அந்த ஆளு வாசல்லயே நிக்கட்டும். நீங்க மட்டும் வந்து பாருங்க தம்பி," என்றார். செவலை பானையடியில் படுத்திருந்தது. சாச்சாவின் கண்முன்னே எழுந்து இன்னொரு தடவை குடித்தது. சாச்சா பானையைப் பார்த்து முகம் சுளித்தார். பிறகு கொட்டடிக்குப் போய்ச் சட்டியைப் பார்த்துவிட்டு வந்தார்.

"இதுல எந்தத் தண்ணி வச்சீங்க?"

"கெணத்துத் தண்ணி," என்றேன்.

"கஞ்சி?"

"அதுவும் கெணத்துத் தண்ணிதான் சாச்சா."

சாச்சா தலையில் அடித்துக்கொண்டார். "அதக் கழுதகூடக் குடிக்காதே! தோப்பு ஊத்துல குடிச்சு வளந்த நாயி!"

நல்ல தண்ணீரை நாய்க்கு ஊற்ற எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றியதே இல்லை. தலைச்சுமையாக வருகிற தண்ணீர். தோப்புக்காரர் தினமும் கொண்டுவந்த கஞ்சியும் மீன் தண்ணியும் ஊற்றுத் தண்ணீரில் ஆனவை என்பதையும் நாங்கள் யோசிக்கவில்லை. அவர் போனதும் குடிக்க ஒன்றும் இல்லாமல் காய்ந்து கிடந்திருக்கிறது. எங்கள் சிக்கனம் அதற்கு வெறி என்று பெயர் வாங்கிக் கொடுத்துவிட்டது.

அன்று மாலை உம்மா பானையை ஏழு தடவை கழுவினார். மண் போட்டுத் தேய்க்கும்போது முணுமுணுவென்று ஏதோ பைத்து பாடினார். என் துணி மூட்டை அவிழ்ந்து பழையபடி பெட்டிக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு உம்மா நாயைக் கவனித்த கவனிப்பைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். தானே ஊற்றுத் தண்ணீர் மொண்டு சட்டியில் ஊற்றுவார். அது குடிக்கிற வரைக்கும் தள்ளி நின்று பார்ப்பார். "இன்னைக்குத் தின்னுச்சா? வால ஆட்டுச்சா?" என்று என்னைக் கேட்பார். செவலை மூன்று காலில் கொல்லையை ஒரு சுற்றுச் சுற்றி வந்த அன்று சீனி போட்டுப் பாச்சோறு ஆக்கினார். எனக்கும் தொண்டை அடைப்பது நின்றுவிட்டது. தண்ணீர் தண்ணீராக இறங்கியது. நாய்க்கு வெறி இல்லை என்றால் எனக்கும் இல்லை என்று நானாகவே கணக்குப் போட்டுக்கொண்டேன்.

ஆனால் சில நாள் கழித்து ஒரு காலை, தோப்புக்காரர் ஊரிலிருந்து திரும்பி வந்து நின்றபோது, உம்மா பட்டென்று சொன்னார்: "போதும். இன்னைக்கே இதத் தோப்புக்குக் கொண்டு போயிரு."

"இன்னும் ரெண்டு நாள் இருக்கட்டும் உம்மா," என்று கெஞ்சினேன். காயம் ஒரு ஓரத்தில் இன்னும் ஈரமாக இருந்தது.

"நாயி வீட்டுல இருந்தா அல்லாவோட மலக்குமார் வரமாட்டாங்க. கொண்டு போப்பா."

நான் அழுது புரண்டேன். அப்படிப் பார்த்துக்கொண்டவருக்கு ஒரே நாளில் எப்படி மனசு கல்லாயிற்று என்று எனக்கு விளங்கவே இல்லை. கொட்டடியைக் கழுவி விட்டார்கள். ஓலைக் கொட்டான் அடுப்புக்குப் போய்விட்டது. அதையாவது எடுத்து வைத்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. செவலை தோப்பில் பல வருடம் இருந்தது. மூன்று காலிலேயே ஆடுகளை விரட்டும். வாப்பா வந்து பார்த்துவிட்டு, "ஒரு கால் கொறஞ்சாலும் வாய் கொறையல," என்றார்.

இந்தக் கதையை நான் என் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். உம்மாவின் இரக்கத்துக்கு உதாரணமாகத்தான் சொல்வேன். ஊரே அடித்துக் கொல்ல நின்றபோது ஒரு வாயில்லாச் சீவனுக்காக எதிர்த்து நின்றவர் என்று சொல்லிக் கண் கலங்குவேன். கடைசியில் ஏன் விரட்டினார் என்பதை மட்டும் விட்டுவிடுவேன்.

உம்மா படுக்கையில் விழுந்த பிறகு ஒரு நாள், அவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து என் மகளுக்கு இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். தூங்குகிறார் என்று நினைத்திருந்தேன்.

"இரக்கமா? எனக்கா?" என்றார் கண்ணைத் திறக்காமல். "அந்த நாயக் கண்டாலே எனக்குக் கொமட்டும்."

"பின்ன ஏன் உம்மா சாச்சாகூட அப்படி மல்லுக்கு நின்னீங்க?"

"ஒன் கையில கடிச்சிருந்துச்சே. வளையல ஏத்தி மண்ணு தேய்க்கும்போதே பாத்துட்டேன்."

அவர் மெல்ல, மூச்சு வாங்கிச் சொன்னார். மறுநாளே தோப்புக்காரரை ராமநாதபுரத்துக்கு அனுப்பி மாட்டு டாக்டரிடம் கேட்டிருக்கிறார். கடித்த நாயைக் கொல்லாதீர்கள், பத்து நாள் வைத்துப் பாருங்கள், அது நன்றாக இருந்தால் பிள்ளைக்குப் பயமில்லை, அதற்கு ஏதாவது ஆனால் அன்றைக்கே பிள்ளையை மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினாராம்.

"அடிச்சுப் போட்டுட்டா நான் எத வச்சுப் பாக்குறது? அதான் விடல. வெள்ளிக்கிழம சாயங்காலம் ரயிலுக்கு ஒன்னக் கூட்டிக்கிட்டுப் போகத் துணியக் கட்டி வச்சுட்டேன். நான் எந்தக் காலத்துல தனியா ரயிலேறுனேன்? அதுக்குள்ள அது வந்து பானையில வாய வச்சிருச்சு."

"பத்து நாள் முடிஞ்ச அன்னைக்கு அனுப்பிட்டீங்க."

"அன்னைக்கு விடியமுன்ன சுபுஹுக்கே அனுப்பியிருப்பேன். தோப்புக்காரன் வர நேரமாச்சு." போர்வையை நெஞ்சுவரை இழுத்துக்கொண்டார். "அது குடிக்கிறதப் பாக்குற வரைக்கும் என் தொண்டையிலயும் தண்ணி எறங்கல புள்ள. ஒன்னக் குடிக்கச் சொல்லிட்டு நான் கீழ வச்சுருவேன்."

என் மகள் என் முகத்தைப் பார்த்தாள். நான் என் மணிக்கட்டைப் பார்த்தேன். அங்கே எந்த வடுவும் இல்லை. எப்போதோ மறைந்துவிட்டது.

உம்மா கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டார். மேசையில் இருந்த கூஜாவிலிருந்து டம்ளரில் ஊற்றி எடுத்துக்கொண்டு போனேன். அவர் கையை நீட்டவில்லை. வழக்கம்போல, இத்தனை வருடமும் என்னிடம் எப்போது தண்ணீர் கேட்டாலும் சொல்வதையே சொன்னார்.

"ஒரு வா நீ குடிச்சுட்டுத் தா."

அவர் என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு வாய் குடித்துவிட்டுக் கொடுத்தேன்.